ராம்ப்பு உச்சியில ஒரு பேனர்

…இல்ல அண்ணாச்சி, நீங்களே நாயத்தச் சொல்லுங்க! எவனாவது ராம்ப்போட உச்சியில கொண்டுபோயி பேனரு கட்டுவானா? அடியில கட்டியிருந்தாக்கூட கண்ணுல பட்டிருக்கும், சரி சனியன்னு திரும்பியிருப்பேன். இந்தப் பிள்ளைய வீல்சேரோட, குனிஞ்ச தலை நிமிராம, மூச்சு முட்ட மேல தள்ளிக் கொண்டாந்து, இந்தா… இந்தா இருக்கு மண்டபத்து வராந்தா, நாலே நாலு அடி… மூஞ்சிக்கு முன்னால வெள்ளையா ஒரு செவரு! பேனரோட முதுகு! முன்பக்க ரோட்டப் பாத்துச் சிரிக்கான், பின்பக்கமா ஏறி வாற நமக்கு முதுகக் காட்டுதான். எந்தக் கோட்டிக்காரப் பயலோ!

என்ன… என்னமோ சொல்ல வாறிய. இருங்க அண்ணாச்சி, ஒரு நிமிசம், நான் சொல்லி முடிச்சிருதேன். நீங்க பொண்ணு வீடுதான? நாகலாபுரந்தான? பாத்தாலே தெரியுது. இம்புட்டுப் பெரிய டப்பாவத் தூக்கிட்டு வாறவிய பொண்ணு வீடாத்தான் இருக்கும். என்னது, கிரைண்டரா? அடேயப்பா! நாடிய வச்சு முட்டுக் குடுத்துட்டுலா நிக்கிய. கீழ வைங்கன்னு சொல்லலாம், பூரா சரிவு, சறுக்கிப் போயி கீழ நிக்க உங்க பைக்குக்கே மாவாட்டிரும். தூக்கிட்டே நில்லுங்க. நானும் கையெடுக்க முடியாமத்தான நிக்கேன். வீல்சேரு பிரேக்குல கரிசல் மண்ணு போயி அடைச்சுக்கிட்டு, பிடிக்க மாட்டேங்கு. நான் கைய எடுத்தேன்னா பிள்ளை ரிவர்ஸ்லயே போயி சமையக்கட்டுச் சாம்பார் அண்டாவுலதான் நிக்கும்.

நான் யாருன்னு சொல்லலைலா! மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். சுடலைக்குமாரு. சிரிக்காதிய, நெசமாத்தான். எங்கக்கா செல்வலட்சுமிக்கும் எனக்கும் பதினேழு வயசு வித்தியாசம். மாப்பிள்ளைப் பய சுந்தரபாண்டி என்னயவிட ரெண்டே வயசுதான் எளையவன். அவனுக்குக் கல்யாணம், மாமங்காரன் நான் இன்னும் ராம்ப்புலயே நிக்கேன். சரி அது கெடக்கு. இவா ரேணு. ரேணுகாதேவி. மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்த தங்கச்சி. பதிமூணு வயசு. பொறந்ததுல இருந்தே காலு ரெண்டும் வராது. அதுக்கும் சேத்து வாயிதான் வரும். ஏட்டி, மாமாவுக்கு வணக்கம் சொல்லு. என்னட்டி, பேனருல காத்துக்கு விட்ட அந்த ஓட்டை வழியா என்னத்த எட்டிப் பாக்க? என்ன சிரிப்பு? மணி ஒம்பதே முக்கா, உனக்குச் சிரிப்பாணி வேற!

முகூர்த்தம் ஒம்பதுல இருந்து பத்தரை அண்ணாச்சி. இந்தப் பிள்ளை உள்ள போகாட்டா என்ன ஆகும் தெரியுமா? தாலி கட்டும்போது மொத முடிச்சு மாப்பிள்ளை போடுவான். பொறவு ரெண்டு முடிச்சு யாரு போடணும்? நாத்தனா! யாரு நாத்தனா? இவாதான்! ஒத்த நாத்தனா! ஒரு மாசமாப் பழகியிருக்கா. இடது கை கொஞ்சம் நடுங்கும், அதனால தெனம் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால மஞ்சக் கயித்த எடுத்து முடிச்சுப் போட்டுப் பழகுனா. எதுல பழகுனாங்கிய? என் கழுத்துல. ஒரு நாளு மூணாவது முடிச்சு இறுகிப்போயி கண்ணு ரெண்டும் வெளிய வந்துட்டு. ஆனா இப்ப பாருங்க, கண்ண மூடிக்கிட்டுப் போடுவா.

ஆங்… அந்த இசக்கியம்மா மதினி சும்மா இருப்பாவளா? எங்கத்தானுக்கு அண்ணன் பொண்டாட்டி. முந்தாநாளே ஆரம்பிச்சிட்டாவ. "பாவம், அந்தப் பிள்ளைய எதுக்குப் போட்டு அலைக்கழிக்கிய, எம்மக கிருஷ்ணவேணியும் தங்கச்சி மொறைதான, அவா முடிச்சுப் போடட்டுமே"ன்னு. பாவமாம்! பாவம்னு சொன்னா எம்மருமவளுக்கு மூக்கு செவந்துரும். அதோட விட்டாவளா? "மழ பேஞ்சு ஊரே சகதியாக் கெடக்கு, சக்கரத்துல கரிசலோட வந்து மண்டபத்துச் செவப்புக் கார்ப்பெட்டப் பூரா உழுது போட்ருவா"ன்னு ஒரு போடு. அங்கன இப்ப கிருஷ்ணவேணிய மணவறைக்குப் பக்கத்துல ரெடியா நிப்பாட்டி வச்சிருப்பாவ. பத்து மணி தாண்டட்டும், "இன்னும் வரலையே, நேரம் போகுதே"ன்னு ஆரம்பிப்பாவ. அவ்வளவுதான்.

கரிசல்னு சொன்னது நெசந்தான் அண்ணாச்சி. உங்க ஊரும் அதானே, தெரியாதா உங்களுக்கு? காய்ஞ்சா வெடிப்புல காலு போயிரும், நனைஞ்சா செருப்பு போயிரும். முன்வாசல்ல மேளமும் காருமா அடைச்சுக்கிட்டு நிக்குன்னு வேனைப் பின்பக்கமாக் கொண்டாரச் சொன்னேன். எறக்குன எடத்துல இருந்து ராம்ப்பு அடிக்கு வாறதுக்கே இருவது நிமிசம். ஒரு சுத்து சுத்துனா ஒரு கிலோ மண்ணு ஒட்டுது. குச்சிய வச்சு நோண்டுதேன், ஒட்டுது, நோண்டுதேன், ஒட்டுது…

தூக்கிட்டுப் போலாமேன்னு நெனைக்கிய. தெரியும், உங்க கண்ணே சொல்லுது. முன்னால படி வழியா ரெண்டு பேரா தூக்கிட்டா அரை நிமிச வேலை. மாட்டா அண்ணாச்சி. செத்தாலும் மாட்டா. ரெண்டு வருசத்துக்கு முன்னால இதே மண்டபத்துல ஒரு கல்யாணம். அப்ப ராம்ப்பே கெடையாது. நானும் எங்கத்தானும்தான் தூக்குனோம், ஏழு படி. படி பூரா கிரானைட்டு, வழுக்குது. பாதியில பாவாடை மேல ஏறிட்டு. ரெண்டு கையும் சேரப் பிடிச்சிருக்கு, யாரு எறக்கி விட? வீடியோக்காரன் லைட்டப் போட்டுக்கிட்டு நிக்கான். நாலு பேரு "பாத்து பாத்து"ங்காவ, பாக்கதையும் பாத்துட்டாவ. மூணு நாளு எங்கூடப் பேசல. நாலாம் நாளு சொன்னா, "மாமா, இனிமே உருண்டு போற எடத்துக்கு மட்டும் கூட்டிட்டுப் போ. மூட்டை மாதிரித் தூக்கணும்னா வீட்லயே வச்சிரு." பதினோரு வயசு அப்ப.

பொறவு விடுவேனா? நான் யாரு! புதியம்புத்தூர்ல கட்டிங் மாஸ்டரு. நூறு துணிய ஒண்ணா அடுக்கி வச்சு ஒரே வெட்டுல நைட்டி கழுத்து எடுப்பேன், ஒரு நூலு பிசகாது. இந்தா கட்டியிருக்காளே பட்டுப் பாவாடை, இது நான் வெட்டுனதுதான். முன்னால நீளம், பின்னால கொறைச்சல், உக்காந்தா பாதம் வரைக்கும் மூடும், சக்கரத்துல சிக்காது. எங்க வேணாலும் கேட்டுப் பாருங்க, வீல்சேருக்குன்னு ஒரு பாவாடை எவனாவது தச்சிருக்கானான்னு!

அப்பேர்ப்பட்டவன், திங்கக்கெழமை திங்கக்கெழமை லீவு போட்டுட்டு கலெக்டர் ஆபீஸ் மனு. மனுவுக்கு மேல மனு. மண்டபத்து மொதலாளி வீட்டு வாசல்ல ஒரு நாளு. வாட்ஸப்பு குரூப்பு ஒண்ணு ஆரம்பிச்சு, மொதல்ல மூணு பேரு, அதுல ஒண்ணு நானு, ஒண்ணு எங்கக்கா. இப்ப நூத்தி நாப்பது குடும்பம் இருக்கு, எல்லாம் நம்ம ரேணு மாதிரி பிள்ளையள வச்சிருக்கிறவிய. எந்தக் கோயில்ல சரிவு இருக்கு, எந்த பேங்குல இல்ல, எந்த ஓட்டல்ல பின்வாசல் வழியா உருட்டலாம்… பூரா அதுல வரும். போன மாசம் ஒரு ஏட்டிஎம்முக்கு ராம்ப்பு போட்டிருக்கான்னு போட்டோ வந்துச்சு, ஆகா ஓகோன்னு கை தட்டிட்டோம். பொறவு பாத்தா ராம்ப்பு ஏறுனதும் கதவுக்கு முன்னால ஒரு படி! அது எதுக்கு? அழகுக்காம்!

இந்த ராம்ப்பு என் ராம்ப்பு அண்ணாச்சி. ஒரு அடி ஒசரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம், மூணடிக்கு முப்பத்தாறு அடின்னு கணக்கு எழுதிக் குடுத்தேன். "நான் மண்டபம் நடத்துதேனா, ஏரோப்ளேன் விடுதேனா"ங்காரு மொதலாளி. கெஞ்சிக் கூத்தாடி இருவத்தி நாலுக்கு வந்தாரு. அதான் இப்பிடி மூச்சு வாங்குது. ஆனா அகலத்துல நான் விட்டுக் குடுக்கல. அஞ்சடி வேணும், கூட ஒரு ஆளு நடந்து வரணும்னு நின்னேன். ரெண்டு பக்கமும் கைப்பிடி வேணும், அதுவும் நல்ல இரும்புல வேணும்னு நின்னேன். போட்டாரு. அந்தக் கைப்பிடியிலதான் இப்ப இந்த மூதி ரெண்டு சவுக்குக் கம்ப வச்சுக் கட்டுக்கம்பியால முறுக்கியிருக்கான்! என்னா இறுக்கு பாத்தியளா? இடுக்கி இல்லாம வராது. அடியில கயிறு போட்டு, ஓரம் பூரா இழுத்துக் கட்டி… ஒரு எலி உள்ள போவாது. அகலத்தப் பாருங்க, ராம்ப்புக்கு அளவெடுத்துச் சட்ட தச்ச மாதிரி!

என்ன அண்ணாச்சி, தலையத் தலைய ஆட்டுதிய? கழுத்து வலிக்கா? டப்பாவ வேணா தோளுக்கு மாத்திக்கோங்க.

கிழிச்சிருங்கன்னு சொல்லுதியளோ? ஐயையோ! வெளையாடாதிய! பேனரக் கிழிக்கதா? எங்க ஊருப்பக்கம் ஒரு கோயில் கொடையில இப்பிடித்தான், ஒரு பேனரோட ஓரத்த ஆடு தின்னுட்டு. ஆடு அண்ணாச்சி! அது ஓரத்துல இருந்தவரு காதுதான் போச்சு. மேலத்தெருக்காரன் ஆடு, கீழத்தெருக்காரன் காது. இன்னைக்கு வரைக்கும் ரெண்டு தெருவுக்கும் பேச்சு கெடையாது. ஆட்டுக்கே அந்தக் கதின்னா, மாமங்காரன் கிழிச்சான்னு வைங்க! இது உங்க பொண்ணு வீட்டுப் பேனரா இருந்திச்சுன்னா? பொண்ணோட பெரியப்பா சித்தப்பா எவராவது இதுல கும்பிட்டுட்டு நின்னாருன்னா? தாலி ஏறுறதுக்கு முன்னால நான் அவரு வயித்துல கத்திய விட்டா கல்யாணம் என்னத்துக்கு ஆகும்? அதான் யாரு பேனருன்னு தெரியணும். நான் போயிப் பாக்கலாம்னா பிள்ளைய விட முடியாது. நீங்க போயிப் பாருங்கன்னா கையில கிரைண்டரு. போன் போட்டா மேளச் சத்தத்துல ஒரு பய எடுக்க மாட்டேங்கான்.

ஏட்டி ரேணு, சும்மா இரியேன்! குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா சேரு ஆடுதுல்லா!

நானும் ஒரு பேனரு சொல்லியிருந்தேன் அண்ணாச்சி. தாய்மாமன்லா! நம்ம பூவனலிங்கம் ப்ளெக்ஸ்ல. அஞ்சுக்குப் பத்து, நின்ன வாக்குல. ராத்திரியே கட்டிட்டேன்னு மெசேஜ் போட்டிருக்கான், எங்க கட்டித் தொலைச்சான்னு தெரியல. இந்தா பாருங்க, எவனோ ராம்ப்பு உச்சியில முகப்பா கட்டியிருக்கான், நம்ம பேனரு எந்தக் கக்கூஸ் செவத்துல தொங்குதோ! சும்மா சொல்லக் கூடாது, நல்ல வாசகம். குரூப்புப் பயலுவ எழுதிக் குடுத்தது. வேண்டாம்லே வேண்டாம்லேன்னேன், கேக்கல. "இம்மண்டபத்துக்குச் சாய்தளம் கண்ட சாய்தளப் போராளி." கொஞ்சம் ஓவருதான். ஆனா… பொண்ணு வீட்டுப் பக்கத்துல இருந்து நாலு பேரு வருவாவ, நாலு பேருக்கும் பொண்ணு இருக்கும், பாப்பாவ, யாருப்பா இந்தப் பையன்னு கேப்பாவ… மனுசனுக்கு ஒரு ஆசை இருக்கக் கூடாதா?

அட, வெயில் வந்துட்டு! நல்லது, இந்த மண்ணாவது காயும். ஒரு வாரமா மொகத்தக் காட்டாத சூரியன், இப்பப் பாருங்க, சரியா பேனருக்கு அந்தப் பக்கமா ஏறுது. ஏ… ஏ அண்ணாச்சி! வெளிச்சத்துல உள்ள இருக்கது தெரியுது பாத்தியளா? நெழலாட்டம்! நல்லதாப் போச்சு, இங்கன இருந்தே கண்டுபிடிச்சிரலாம். மேல ரெண்டு சின்னத் தலை. அது பொண்ணு மாப்பிள்ளையா இருக்கும். எள்ளு மாதிரி போட்டிருக்கான், கல்யாணம் அவியளுக்குத்தான? கீழ… அடங்கொப்புரானே! கீழ பூரா ஒரே மூஞ்சி! வண்டிச் சக்கரம் மாதிரி! கூலிங்கிளாஸ் வேற! அடுத்தவன் கல்யாணத்துல இவனுக்கு எதுக்குலே கூலிங்கிளாஸ்? போன் பேசுத மாதிரி போஸு. யாரு கூடப் பேசுதான், ஐநா சபையிலயா? நெத்தியில முடியச் சுருட்டி விட்டிருக்கான் பாருங்க, முறுக்குச் சுட்ட மாதிரி! தூ! இவனுக்கெல்லாம் எவன் பொண்ணு குடுப்பான்!

எழுத்தெல்லாம் தலைகீழ… இல்ல, எடம் வலமா மாறித் தெரியுது. பெரிய எழுத்து. கடைசியில "ளி". அதுக்கு முன்ன "ரா"வா? கொம்பு போட்ட எழுத்து… "போ"… ஏட்டி, உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்லா, வாசி. என்ன? சத்தமாச் சொல்லு, மேளம் கேக்க விடமாட்டேங்கு. என்னது, "உன் சட்டை"யா? என் சட்டைக்கென்ன? அவன் சட்டையா? அவன் சட்டையில என்ன… கட்டம் போட்ட…

அண்ணாச்சி, என்ன செய்யுதிய? ஏ, கிரைண்டர எதுக்கு சக்கரத்துக்குப் பின்னால வைக்கிய? ஓ… அட ஆமா! முட்டுக் குடுத்தாச்சு! கைய எடுக்கலாமே! மூளை அண்ணாச்சி உங்களுக்கு! இம்புட்டு நேரமா எனக்குத் தோணல பாருங்க. என்ன போன எடுக்கிய? செல்ஃபி எடுக்க நேரமா இது? காட்டுங்க… வரும்போது ரோட்டுல நின்னு எடுத்த போட்டோவா… நல்லா வெளிச்சமா எடுத்திருக்…

…

இத எத்தன பேருக்கு அனுப்பியிருக்கிய அண்ணாச்சி?

நாகலாபுரம் பூராவுமா?

இதத்தான் சொல்ல வந்தியளா, மொதல்ல இருந்து? சொல்லியிருக்கலாம்லா! நான் எங்க விட்டேன்… சரி. சரி. ஏட்டி, உனக்கு எப்பத் தெரியும்? வந்து நின்னதுமேவா? ஓட்டை வழியா முன்வாசல் காரு கண்ணாடியில என் மூஞ்சி தெரிஞ்சுதா? தெரிஞ்சும், நான் கோட்டிக்காரன், மூதின்னு வையும்போதெல்லாம் கேட்டுக்கிட்டு… நல்லாயிரு தாயி, நல்லாயிரு.

நாந்தான் அண்ணாச்சி. நாந்தான். பூவனலிங்கம் கேட்டான், "எங்க கட்டணும் மாப்ளே"ன்னு. என்ன சொன்னேன் தெரியுமா? "ராம்ப்புகிட்ட கட்டுலே, எவன் உள்ள போனாலும் என்னயத் தாண்டித்தான் போகணும்"னேன். கட்டிட்டான். சொன்னது சொன்னபடி கட்டிட்டான். அளவு? அஞ்சடி. ராம்ப்பு எத்தன அடி? அஞ்சடி. ரெண்டையும் சொன்னது ஒரே வாயி.

என்னது… ஐயோ, அது என்ன மைக்குல? "மாப்பிள்ளை வீட்டார் நாத்தனாரை…" கிருஷ்ணவேணியக் கூப்பிடுதாவளா? அண்ணாச்சி, சரியாக் கேட்டுச் சொல்லுங்க… அண்ணாச்சி? எங்க எறங்கி ஓடுதிய? அந்தப் பக்கம் சகதி! கிரைண்டர விட்டுட்டுப் போறியளே! போயிட்டாரு. எல்லாரும் இப்பிடித்தான். நாம பேசுதவரைக்கும் தலைய ஆட்டுவாவ, காரியம்னா ஓடிருவாவ.

சரிட்டி. நீ கலங்காத. கலங்கலையா? சிரிப்பு இன்னும் அடங்கலையா? அதுவும் நல்லதுதான். நம்ம பேனரு, நம்ம மூஞ்சி, எவன் கேக்கப் போறான்! சட்டைப் பையில நூல் வெட்டுத கத்திரி எப்பவும் இருக்கும், இந்தா. சின்னதுதான், ஆனா ஆளு யாரு? கட்டிங் மாஸ்டரு. எங்க இருந்து ஆரம்பிக்க? கழுத்தா, நெத்தியா? நெத்தியா… அந்த முறுக்குக்கு மேலயா? சரி, உனக்கு அதுமேல ரொம்ப நாளாவே கண்ணு. இந்தா குத்தி, நெத்திக்குக் குறுக்க வெட்டியாச்சு. இந்தப் பக்கம் காதோரமா நேரா எறக்குதேன்… கர்ர்ர்… அந்தப் பக்கக் காது… கர்ர்ர்… அடிய வெட்டல, தொட்டில் துணி மாதிரி நம்ம பக்கமா மடக்கி விழவிடுதேன். விழுந்துட்டு பாத்தியா! கதவு தொறந்த மாதிரி! அந்தா வராந்தா, அந்தா சந்தனக் கும்பா, அந்தா பன்னீர் தெளிக்க நிக்கிறவிய வாயப் பொளந்துக்கிட்டு நிக்காவ. பேனருக்குள்ள இருந்து ஆளு வருதேன்னு!

போ, உருட்டு. ஏ, நில்லு நில்லு… மூஞ்சி தரையிலலா கெடக்கு. ஒதுங்கிப் போறியா? ஓரத்துல எடமில்லையா? சரி… ஏத்து. ஏத்துட்டி, கூலிங்கிளாஸ் மேலயே ஏத்து! நல்லா ஒரு தேய்ப்பு முன்னால, ஒரு தேய்ப்பு பின்னால. இன்னொரு தரம். ஆங்… பாரு! சக்கரத்துக் கரிசல் பூரா என் மூஞ்சிக்கு வந்துட்டு! சக்கரம் பளபளன்னு இருக்கு! வரட்டும் இசக்கியம்மா மதினி, கார்ப்பெட்டுல ஒரு புள்ளி மண்ணக் காட்டச் சொல்லு பாப்போம்!

ஷ்… பேசாத. மைக்குல யாரோ… புதுக் கொரலா இருக்கு. "…நாத்தனா ராம்ப்புல நிக்கா, நான் பாத்துட்டு வாரேன், அவா வாறவரைக்கும் ஒருத்தரும் தாலியத் தொடக் கூடாது…"

ஏட்டி! அது யாரு கொரலு? இம்புட்டு நேரம் ஒரு வார்த்தை பேசாம நின்னாருல்லா… ஐயோ, அந்தக் கொரல இப்பத்தான கேக்கேன்! பாவி மனுசன், ஓடிப் போயிட்டாருன்னுலா வைதேன்!

பிடி, கைப்பிடியப் பிடி, நான் தள்ளுதேன். மேடைக்குப் பலகை போட்டு வச்சிருக்கு, நேரா ஏறிரலாம். ஏ… வழி விடுங்க! வழி விடுங்க அண்ணாச்சி, வழி விடுங்க மதினி! யாரும் தூக்க வராதிய, கிட்ட வராதிய, அவளே வருவா! ஏலே மேளக்காரா, பாத்துக்கிட்டே நிக்க? அடிலே!